பசையை ஒட்டுவது எது?

கிதார் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் முதலில் பெயர்வது மூலைதான். மேடைக்கும் வேனுக்கும் இடையே தூக்கிப் போகும்போதெல்லாம் இடிபடுவது அது. அடுத்தது பின்பலகையின் விளிம்பு. உள்ளே வால்வுகள் சூடேறும் இடம் அதற்குப் பக்கத்தில்தான். உறை ஒரு நகத்தின் அளவு தூக்கிக்கொண்டதும் அதை வைத்திருப்பவரின் கை சும்மா இருப்பதில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, பேச்சுவாக்கில், இன்னும் கொஞ்சம் உரித்துவிடும். கொஞ்ச நாளில் பலகை தெரிய ஆரம்பிக்கும்.

நம்மூரில் ரெக்சின் என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்ததுதான் இந்த உறை: துணியின் மேல் பி.வி.சி. பூசியது. அமெரிக்காவில் டோலெக்ஸ் என்ற வணிகப் பெயரே இதற்குப் பொதுப்பெயராகிவிட்டது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1950களில் தம் ஆம்ப்களுக்கு 'ட்வீட்' என்று அழைக்கப்பட்ட பருத்தித் துணியை ஒட்டி லாக்கர் பூசினார். 1960களின் தொடக்கத்தில் டோலெக்ஸுக்கு மாறினார். லண்டனில் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962இல் ஃபெண்டர் பாஸ்மேனின் மின்சுற்றை முன்மாதிரியாக வைத்துத் தம் முதல் ஆம்பைச் செய்யவைத்தார். அவர் பெட்டிகளுக்கும் கறுப்பு வினைலே அடையாளமாயிற்று. ஒலியில் இந்த உறைக்குப் பங்கு மிகச் சிறிது. ஒலி வருவது மின்சுற்று, ஸ்பீக்கர், பெட்டியின் மரம் ஆகியவற்றிலிருந்து. உறை ஈரத்தையும் அடியையும் தாங்குகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் பழைய ஆம்ப்களைச் சேகரிப்பவர்கள் முதலில் கேட்பதே 'உறை பழசுதானா?' என்றுதான். உறையை மாற்றிய பெட்டிக்கு விலை குறைகிறது.

பெயர்வதற்குக் காரணம் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதுதான். அதைத் துணிபோல் மடங்க வைப்பது உள்ளே கலந்திருக்கும், எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கி. 1926இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் இதைக் கண்டறிந்தார். அவர் தேடிக்கொண்டிருந்தது வேறு: ரப்பரை உலோகத்தில் ஒட்டுவதற்கு ஒரு பசை. பசை கிடைக்கவில்லை. பசை போட்டு ஒட்ட வேண்டிய ஒரு பொருள் கிடைத்தது.

அந்த மென்மையாக்கி ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிகிறது. ஒரு பகுதி காற்றோடு போகிறது. ஒரு பகுதி பின்னால் இருக்கும் பசைக்குள் இறங்கி அதை இளக்கிவிடுகிறது. அது போகப் போக வினைல் சுருங்கி விறைக்கிறது. அடியில் இருக்கும் மரமோ ஈரக்காற்றில் உப்பி, வறட்சியில் ஒடுங்குகிறது. உறை ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம் இழுக்க, நடுவில் இருக்கும் பசை விட்டுக்கொடுக்கிறது.

திரும்ப ஒட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் அவசரக்காரருக்கு ஆகாது. முதலில் மின்சுற்றுள்ள சேஸியைப் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டும். வால்வு ஆம்பின் மின்தேக்கிகளில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம் என்பதால் இதை விவரம் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. பிறகு பெயர்ந்த பகுதியை ஹேர் டிரையரால் இதமாகச் சூடு காட்டித் தூக்கிப் பார்க்க வேண்டும். விறைத்த வினைலைச் சூடில்லாமல் மடக்கினால் வெடிக்கும். உள்ளே காய்ந்த பசை பழுப்பு நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும். அதைச் சுரண்டி, துடைத்து, தூசியில்லாமல் ஆக்குவதில்தான் பாதி வேலை இருக்கிறது. பழைய பொருக்கின் மேலேயே புதுப் பசையைத் தடவினால், புதுப் பசை பிடித்துக்கொள்வது பலகையை அல்ல, உதிரப்போகும் அந்தப் பொருக்கை.

பெரும்பாலோர் இதற்கு எடுப்பது நியோப்ரீன் பசை. செருப்புக்குச் சோல் ஒட்டுகிற இனம். நியோப்ரீன் 1930இல் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸின் ஆய்வுக்குழுவில் பிறந்த செயற்கை ரப்பர். அதைக் கரைப்பானில் கரைத்தால் பசை. கரைப்பான் எளிதில் தீப்பிடிக்கும், மூக்கில் ஏறும். ஜன்னலைத் திறந்துவைத்தே வேலை செய்ய வேண்டும். முறை, சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதைப் பார்த்த எவருக்கும் தெரிந்ததுதான்: சொல்யூஷனை டியூபிலும் தடவி, ஒட்டுத் துண்டிலும் தடவி, ஊதி ஊதிக் காயவிட்டு, பிறகே சேர்ப்பார்கள். ஈரமாக இருக்கும்போது சேர்த்தால் ஒட்டாது. விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இரண்டையும் சேர்த்தால், தொட்ட இடத்தில் தொட்டபடி பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. ரோலரால் அழுத்தி உருட்டினால் வேலை முடிந்தது.

இந்த இடத்தில்தான் தத்துவக்காரர்களின் பழைய சண்டை ஒன்று நினைவுக்கு வரும். பலகையையும் உறையையும் பசை சேர்க்கிறது. சரி. பசையையும் பலகையையும் எது சேர்க்கிறது?

பழுது பார்த்தல் என்றதும் எல்லோரும் தீசியஸின் கப்பலுக்குத்தான் ஓடுவார்கள். புளூட்டார்க் சொன்ன கதை: பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது அதே கப்பலா? தாமஸ் ஹாப்ஸ் 1655இல் அதை இன்னும் முறுக்கினார்: கழற்றிப் போட்ட பழைய பலகைகளைப் பொறுக்கி ஒருவர் இன்னொரு கப்பல் கட்டினால், எது அசல்? ஆனால் உறையைத் திரும்ப ஒட்டுகிறவருக்கு இந்தப் புதிர் பொருந்தாது. அவர் எதையும் மாற்றவில்லை. பலகை பழையது, உறை பழையது. மாறியது இரண்டுக்கும் இடையே இருக்கும் தொடர்பு மட்டும். பாகங்கள் அப்படியே இருக்க, அவற்றின் தொடர்பு அறுந்து திரும்பக் கூடினால் அது அதே பொருளா? இது தீசியஸ் கேள்வியைவிட நுட்பமானது. இந்தியத் தர்க்க மரபு இதை நேராகவே எதிர்கொண்டது.

கணாதரின் வைசேடிகமும் அதனோடு கூடிய நியாயமும் சேர்க்கையை இரண்டு வகையாகப் பிரித்தன. முன்பு தனித்தனியாக இருந்தவை வந்து சேர்வது சையோகம். பிரிக்கவே முடியாதபடி ஒன்றில் ஒன்று தங்கியிருப்பது சமவாயம்: நூலில் துணி இருப்பதும், பூவில் நிறம் இருப்பதும் அப்படி. மணிமேகலையில் வஞ்சி நகரில் சமயவாதிகள் வரிசையாகப் பேசும் காதையில் வைசேடிகவாதியும் வந்து தன் பொருள்களை எண்ணிச் சொல்கிறான். அந்த எண்ணிக்கையில் இந்தச் சமவாயமும் உண்டு. சையோகத்தின் வகைகளை வைசேடிக உரையாசிரியர் பிரசஸ்தபாதர் பட்டியலிட்டார். ஒன்று மட்டும் நகர்ந்து சேர்வது, தறியில் பருந்து வந்து அமர்வதுபோல. இரண்டும் நகர்ந்து சேர்வது, மல்லர்கள் மோதுவதுபோல. ஒரு சேர்க்கையால் இன்னொரு சேர்க்கை பிறப்பது மூன்றாவது. விரல் மரத்தைத் தொட்டால் கையும் மரத்தைத் தொட்டதாகிவிடும். பசை வழியாக உறையும் பலகையும் சேர்வதை இந்த மூன்றாவது கட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்னொன்றும் உண்டு. தூளாக இருப்பது திரண்டு உருண்டையாகக் காரணமான பசைப்பண்பை அவர்கள் 24 குணங்களில் ஒன்றாகவே எண்ணி, அது நீருக்கே உரியது என்றார்கள். கரைப்பானில் கரைத்த நியோப்ரீனை அவர்கள் பார்த்திருந்தால் பட்டியலைத் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

நியாயக்காரரின் தீர்ப்பு கடுமையானது. நூல்கள் அப்படியே இருக்க, நூல்களுக்கிடையேயான சையோகம் அழிந்தால் துணி அழிந்தது என்பது அவர் கொள்கை. அந்தக் கணக்கில், பாகத்தை மாற்றாமல் சேர்க்கையை மட்டும் புதுப்பித்தாலும் பிறப்பது புதுப்பொருள். ஆனால் வினைல் உறை ஆம்பின் பாகமா, அதன் மேல் கிடக்கும் சட்டையா? சட்டை கழன்றால் மனிதன் அழிவதில்லை. வாசிப்பவருக்கு அது சட்டை; சேகரிப்பவருக்கு அது பாகம். ஒரே பெட்டியைப் பற்றி இருவரும் சண்டை போடுவதற்கு இதுதான் காரணம். மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி, சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று கேட்டு மடக்கிய பௌத்தத் துறவி நாகசேனர் இங்கே இருந்தால் இரண்டு பேரையும் சேர்த்தே மறுத்திருப்பார்: 'ஆம்ப்' என்பது பாகங்களின் சேர்க்கைக்கு வைத்த வெறும் பெயர் என்றிருப்பார்.

சங்கரர் கை வைத்தது இன்னும் அடியில். பிரம்மசூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் சமவாயத்தையே அவர் கூண்டில் ஏற்றுகிறார். நூலும் துணியும் வேறு வேறு; இரண்டையும் இணைக்கச் சமவாயம் என்று ஒன்று வேண்டும் என்கிறீர்கள். அந்தச் சமவாயமும் இரண்டிலிருந்தும் வேறானதுதானே? அப்படியானால் அதை இவற்றோடு இணைக்க இன்னொரு சமவாயம் வேண்டும். அதற்கு இன்னொன்று. முடிவே இல்லை. 'சமவாயம் தானே ஒட்டிக்கொள்ளும், அதற்கு வேறு பசை வேண்டாம்' என்று எதிர்தரப்பு சொன்னால், சங்கரர் திருப்பிக் கேட்கிறார்: அப்படித் தானே ஒட்டிக்கொள்வது சாத்தியம் என்றால் சையோகத்துக்கு மட்டும் ஏன் இணைப்பான் கேட்கிறீர்கள்? இங்கிலாந்தில் எஃப்.எச். பிராட்லி 1893இல் 'தோற்றமும் மெய்மையும்' என்ற நூலில் ஏறத்தாழ இதே முடிச்சைப் போட்டார். உறவு என்பது ஒரு தனிப்பொருள் என்றால், அதை உறவாடுபவற்றோடு கோக்க இன்னோர் உறவு வேண்டும். இருவரும் போய்ச் சேர்ந்த இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பிரிந்து நிற்கும் பல பொருள்கள் என்பதே கடைசி உண்மையாக இருக்க முடியாது.

ராமாநுஜர் வேறு பாதை எடுத்தார். சமவாயம் என்ற மூன்றாவது பொருளே வேண்டாம். உடல் உயிரைச் சார்ந்தே இருக்கிறது, உலகம் இறைவனைச் சார்ந்தே இருக்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று நில்லாது என்பதே போதும், நடுவில் பசை எதற்கு என்பது அவர் நிலை. இறைவனுக்கும் உயிருக்கும் பொருந்தும் இந்த விடை உறைக்கும் பெட்டிக்கும் உதவாது. உறை இல்லாமலும் பெட்டி நிற்கும், பாடவும் செய்யும்.

பசையை ஒட்டுவது எது என்ற கேள்விக்கு இயற்பியல் ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கே முடிவில்லாத சங்கிலி கிடையாது. பசை திரவமாக மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி, அணுக்கள் மிக நெருங்கிவிட்டால், நடுவில் வேறெதுவும் தேவையில்லை. டச்சு இயற்பியலாளர் வான் டெர் வால்ஸின் பெயர் தாங்கிய, மூலக்கூறுகளுக்கு இடையேயான மெல்லிய ஈர்ப்பு வேலை செய்கிறது. அதன் எட்டும் தூரம் மிகக் குறைவு. கொஞ்சம் விலகினாலே வலு சரிந்துவிடும். இரண்டு பக்கமும் தடவிக் காயவிடும் நியோப்ரீனில் அதற்கும் மேலே ஒன்று நடக்கிறது. இரு படலங்களும் தொட்டதும் ஒன்றின் நீண்ட மூலக்கூறுகள் மற்றதற்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. இரண்டு பசை ஒரே பசை ஆகிவிடுகிறது. ரோலரால் அழுத்துவது அந்த நெருக்கத்துக்காகத்தான். ஆக, 'இணைப்பான் தானே ஒட்டிக்கொள்ளும்' என்று நியாயத்தின் பக்கம் நின்று சொன்னவர் அவ்வளவு தவறாகச் சொல்லிவிடவில்லை. ஆனால் சங்கரரின் எதிர்க்கேள்வியும் அதனால் தோற்கவில்லை. நெருக்கமே போதும் என்றால் 'சேர்க்கை' என்று தனியாக ஒரு பொருளை ஏன் எண்ண வேண்டும்?

பட்டறை மேசையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெயர்ந்த உறையைத் திருப்பி, பழைய பசை எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். பசை முழுக்கப் பலகையில் இருந்து, வினைலின் பின்துணி சுத்தமாக இருந்தால், அறுந்தது பசைக்கும் உறைக்கும் இடையே. மென்மையாக்கியின் கசிவைச் சந்தேகிக்கலாம். முழுக்க உறையில் இருந்து பலகை சுத்தமாக இருந்தால், மரத்தின் பக்கம் கோளாறு: ஈரம், தூசி, அல்லது முதலிலேயே பசை சரியாக ஊறவில்லை. இரண்டு பக்கமும் பாதிப் பாதி இருந்தால் பசை தனக்குள்ளேயே கிழிந்திருக்கிறது. ஒட்டு வேலை அறிந்தவர்கள் எதையும் தடவுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள், ஏனென்றால் மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. தத்துவ நூல்கள் சேர்க்கையை உண்டு அல்லது இல்லை என்று பேசுகின்றன. மேசையில் கிடக்கும் உறையோ அதற்கு வயதும் தேய்மானமும் உண்டு என்று காட்டுகிறது. ஒரே பெட்டியில் ஒரு மூலை பிரிந்தும் மறு மூலை இறுகியும் இருக்கிறது. சேர்க்கை என்பது ஒரு முறை நடந்து முடிந்த செய்தி என்று எடுத்துக்கொண்டதால்தான் முடிச்சு அவிழாமல் போனது. அது ஒவ்வொரு நாளும் தாங்கப்பட வேண்டிய ஒரு நிலை.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவை ஆகமங்கள். தமிழ்நாட்டுக் கோயிலில் மூலவர் சிலை பீடத்தில் நிற்பது அஷ்டபந்தனம் என்ற மருந்தால். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், நற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்ற எட்டையும் சேர்த்து, கை சளைக்க இடித்து, இளகிய பதத்தில் திரித்து, சிலைக்கும் பீடத்துக்கும் இடையே அடைப்பார்கள். ஆறினால் இறுகிவிடும். தினமும் அபிஷேக நீர் இறங்கும் இடம் அது. மருந்து காலப்போக்கில் வெடித்து உதிரும். 12 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பது வழக்கம். கடவுளையே நிறுத்தியிருக்கும் பசை தேயும் என்பதை மறைக்காமல், தேயும் என்று தெரிந்தே நாள் குறித்து வைத்திருக்கிறது அந்த மரபு. திருப்பணிக்கு முன்னால் பாலாலயம் செய்து, தெய்வத்தின் கலையை வேறிடத்தில் எழுந்தருளச் செய்கிறார்கள். பணி முடிந்ததும் கும்பநீரின் வழியே மீண்டும் மூலவரிடம் சேர்க்கிறார்கள். பழைய மருந்தைச் சுரண்டி எடுத்த பிறகு நிற்பது அதே சாமியா என்று எந்தப் பக்தரும் கேட்பதில்லை. சேர்க்கையைப் புதுப்பிப்பது அங்கே வழிபாட்டின் ஒரு பகுதி.

இங்கிருந்து நடைமுறைக் கேள்வி ஒன்று பிறக்கிறது: எந்தப் பசை? நியோப்ரீன் உறுதியானது, ஆனால் பிடித்தால் விடாது. அடுத்த முறை உறையைத் தூக்க நேர்ந்தால் அதன் பின்துணியே கிழிந்து வரலாம். இதற்கு நேர்மாறானது, தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசை. சூடும் ஈரமும் காட்டினால் இளகிக் கொடுக்கும். வயலின் செய்பவர்கள் மேற்பலகையை இன்றைக்கும் இதனால்தான் ஒட்டுகிறார்கள், அதுவும் மெல்லியதாக. உள்ளே பழுது வந்தால் பலகையை முறிக்காமல் திறக்க வேண்டுமே. கிரெமோனாவின் ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார். அவர் செய்த வயலின்களில் ஏறக்குறைய எல்லாமே பிற்காலத்தில் திறக்கப்பட்டு, கழுத்து மாற்றப்பட்டு, உள்ளே இருக்கும் கட்டை மாற்றப்பட்டு, திரும்ப மூடப்பட்டவை. அவை இன்று கச்சேரி மேடையில் ஒலிப்பதற்கு அவிழ்ந்து கொடுத்த அந்தப் பசையும் ஒரு காரணம். அருங்காட்சியகங்களில் பொருள்களைப் பேணுபவர்களும் முடிந்தவரை திரும்ப எடுக்கக்கூடிய பசையையே தேடுகிறார்கள்.

ஆம்புக்கு அந்த அளவு நுணுக்கம் எல்லா இடத்திலும் தேவைப்படாது. தினம் வேனில் ஏறி இறங்கும் பெட்டிக்கு நியோப்ரீன்தான் சரி. மேடையில் உறை தொங்கினால் யாருக்கும் பெருமை இல்லை. பழைய ட்வீட் பெட்டி, 1960களின் முதல் டோலெக்ஸ் பெட்டி போன்றவற்றில் கை வைக்கிறவர் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். புது உறை வாங்கி மாற்றுவதற்கு முன், இருக்கிற உறையைச் சுத்தம் செய்து ஒட்ட முடியுமா என்று பார்க்கலாம். ஒட்டினால், அடுத்தவர் அவிழ்க்கக்கூடிய பசையால் ஒட்டலாம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பழைய ஃபெண்டர் பெட்டிகளுக்குள் எந்த வால்வு எங்கே என்று காட்டும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பலவற்றில் தயாரித்த காலத்தைக் குறிக்கும் எழுத்து முத்திரையும் உண்டு. சில பெட்டிகளில், வயரிங் செய்த பெண் தொழிலாளி மறைப்பு நாடாவில் எழுதிவைத்த முதற்பெயரும் கிடைக்கும். அடுத்த முறை ஆம்பின் மூலையை ஒட்டுகிறவர்கள், அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு ஒட்டி, எந்தப் பசை, எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். இருபது ஆண்டு கழித்து அந்த மூலை மறுபடி பெயரும்போது, அதைத் திறப்பவருக்கு உதவும்.